விழாத லோகு

செருப்புக்கு அனுமதி இல்லை என்றது பெட்டி.

"நிகராளும் செருப்பு அணிகிறார். ஆகவே இது பொதுச் செலவு. மாற்றுத்திறனால் எழுந்த செலவு அல்ல."

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த லோகு சுவரைப் பார்த்தான். மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில் அந்தத் துணைநிதிப் பெட்டியை அறைந்திருந்தார்கள். காது, கண், வாய் மூன்றும் அதற்கு உண்டு. கை மட்டும் கிடையாது.

"நான் நடக்கறதுக்கா கேக்கறேன்?" என்றான். "காலு சக்கர நாற்காலிப் பலகையில இருந்து நழுவித் தரையில இழுபடுது. தோலு உரியறது எனக்குத் தெரியறதில்ல. ரத்தத்தப் பாத்துப் பவித்ரா சொன்னாத்தான் உண்டு. செருப்பு இருந்தா உரசாது."

"விளக்கம் பதிவாயிற்று. நிகராள் ஆண்டுதோறும் செருப்பு தேய்க்கிறார். நீங்கள் தேய்ப்பதில்லை. அந்தச் சேமிப்பு உங்கள் நிதியில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளது."

"கேட்டியா? தேயாத செருப்புக்கும் கழிச்சுட்டாங்களாமா" என்று லோகு உள்பக்கம் பார்த்துக் கத்தினான்.

சமையற்கட்டிலிருந்து அவன் மனைவி பவித்ரா குரல் கொடுத்தாள். "அதுகிட்டப் போயி நாயம் பேசறீங்க பாருங்க. பழைய துணியச் சுத்தி உடறேன், சும்மா கெடங்க."

திருச்செங்கோட்டில் துணைநிதி வாங்குகிற வீடுகளிலெல்லாம் இந்தப் பெட்டி தொங்கியது. முன்பெல்லாம் எது ஊனத்துக்கான செலவு, எது வெறும் வீட்டுச் செலவு என்று அதிகாரிகள் மேசையைப் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களாம். ஒரு தாலுகாவில் குளிர்சாதனப் பெட்டிகூடக் கிடைக்கும், அடுத்த தாலுகாவில் மூத்திரப்பைக்கும் அலைய விடுவார்கள். அந்தத் தகராற்றை ஒழிக்கத்தான் நிகராளைக் கண்டுபிடித்தார்கள். அடிபட்டவனைக் கேட்காதே, அடிபடாமல் இருந்திருந்தால் அவன் எப்படி இருந்திருப்பானோ அவனைப் பார். பள்ளிக்கூட மார்க், செல்போன், சம்பளம், கூட வேலை பார்த்தவர்கள், அப்பன் எந்த வயதில் எதனால் செத்தான் என்பதுவரை அள்ளிப் போட்டு, கணிப்பொறிக்குள் இன்னொரு லோகுவை நடமாட விட்டார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியின் இரும்பு ராடு முதுகில் விழாத லோகு. அவன் தினமும் எழுந்தான், ஆழ்துளை போடப் போனான், தின்றான், குடித்தான், பவித்ராவிடம் சண்டை போட்டான்.

சட்டம் ரெண்டே வரி. அவனுக்கும் உனக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு நிதி. அவனுக்குத் தேவைப்படாமல் உனக்கு மட்டும் தேவைப்படுவது எதுவோ, அதற்கு மட்டும் செலவு. அரிசி அவனும் தின்பான், அனுமதி இல்லை. மூத்திரக்குழாய் அவனுக்கு வேண்டாம், அனுமதி உண்டு.

சட்டத்தில் அவன் பெயர் நிகராள். லோகுவின் வீட்டில் மத்தவன்.

"மத்தவன் எங்க இருக்கறான்?" என்று காலையில் விசாரிப்பது லோகுவுக்கு வழக்கமாகிவிட்டது.

"அனந்தப்பூர் அருகே. பணியில்" என்று பெட்டி சொல்லும். சில நாள் கடப்பா, சில நாள் கர்நூல். லோகுவுக்கு வயிறு எரியும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். "நின்னுக்கிட்டு ஒண்ணுக்குப் போறான் நாயி" என்பான்.

செருப்பு போனால் போகட்டும். புரட்டுமெத்தைதான் பெரிய கவலை.

லோகுவின் இடது இடுப்பில் படுக்கைப்புண் வாய் திறந்திருந்தது. உணர்ச்சி இருக்கிறவன் தூக்கத்தில் தானாகப் புரண்டுகொள்வான். லோகுவை யாராவது புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிடந்த பக்கத்துச் சதை செத்துப்போகும். பகலெல்லாம் நூல்மில்லில் நிற்கிற பவித்ரா ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து அவனைப் புரட்டினாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஆள் நெடியவன். போன மாதம் அவளுடைய வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற கை அது. அந்தக் கை போனால் வேலை போகும்.

புரட்டுமெத்தை மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பி ஆளைத் தானே திருப்பிவிடும். அரசு மருத்துவமனை டாக்டர் எழுதிக் கொடுத்தார். "புண்ணு எலும்பத் தொட்டுச்சுன்னா அப்பறம் என் கையில ஒண்ணுமில்லம்மா" என்றும் சொன்னார்.

பெட்டி டாக்டர் சீட்டைக் கண்ணால் வாசித்தது. "நிகராளின் மனைவியும் இரவில் அவருடன்தான் உறங்குகிறார். அருகில் இருப்பவர் செய்யக்கூடிய உதவிக்கு நிதி இல்லை. பெரிய கருவிகள் ஆண்டு மறுகணிப்பில் பரிசீலிக்கப்படும். இடைவெளி போதுமான அளவு இருந்தால் வழங்கப்படும்."

மறுகணிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பவித்ரா மலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எவனோ ஒருவன், கணிப்பொறிக்குள் இருக்கிறவன், அவன் கை கால் சுகத்துக்கு இவள் விளக்குப் போட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை லோகு வழக்கம்போலக் கேட்டான்.

"வீட்டில். ஓய்வில்" என்றது பெட்டி.

பண்டிகைக்கு வந்திருப்பான் என்று நினைத்தான். அடுத்த நாளும் ஓய்வு. அதற்கடுத்த நாள், பவித்ரா சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிய நேரம், "சேலம். மருத்துவமனை" என்றது.

பவித்ரா வாசற்படியிலேயே நின்றாள். "என்னவாம் அவனுக்கு?"

"மூச்சுத்திணறல். கல்தூசியால் நுரையீரல் பாதிப்பு. நிகராளின் வேலைநாட்கள் குறைந்துள்ளன. இடைவெளி குறைந்துள்ளது."

அவள் போசியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். "ஏனுங்க. பதிவு பண்ண வந்தப்ப அந்த மேடம்கிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னது லோகுவுக்கு நன்றாக நினைவிருந்தது.

பதிவுக்கு முன்னால் ஊரே சொல்லிக் கொடுத்திருந்தது. மத்தவனை உசத்திச் சொல்லு, அவன் ஏறினால் உனக்கு நிதி ஏறும். பக்கத்துத் தெருவில் தறிப்பட்டையில் கை போனவன், 'சொந்தமா தறி போடறதா இருந்தனுங்' என்று ஒரு போடு போட்டான். அவனுடைய நிகராள் இன்றைக்குத் தறிப்பட்டறை முதலாளி. இவன் பேட்டரி வண்டியில் போகிறான்.

லோகுவிடம் திட்ட அலுவலர் யாழினி கேட்டாள். "தூசியில வேலை செய்யறப்ப மூக்குக்கவசம் போடுவீங்களா?"

"போட்டா நான் டிரில்லரே இல்லீங். தூசிய மோந்து பாத்துத்தானுங் தண்ணி சொல்லணும். வெறுங்கல்லுத் தூசி ஒரு வாசம், ஈரம் நெருங்குனா வேற வாசம். கவசம் போட்டவன் கம்ப்ரசருக்குக் காவல் இருக்கறதுக்குத்தான் ஆவான்."

"எந்த வயசு வரைக்கும் வண்டியில போயிருப்பீங்க?"

"சாகற வரைக்கும்ங்."

படுத்தபடியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். வண்டிக்காரன் புத்தி அது. 'பாதியில் இறங்கிவிடுவேன்' என்று சொல்கிறவனை அடுத்த வண்டியில் ஏற்ற மாட்டார்கள். லோகுவை இனி எந்த வண்டியிலும் யாரும் ஏற்றப்போவதில்லை. இருந்தும் வாய் பழகின வழியில்தான் போனது. பேசினது வாய், தூசி போனது மத்தவன் நெஞ்சில்.

"திருத்த முடியுமா?" என்று பவித்ரா பெட்டியைக் கேட்டாள்.

"விபத்துக்கு முன் அவருக்கு வேறு எண்ணம் இருந்தது என்று சாட்சி சொன்னால், நிகராளின் பாதை திருத்தப்படும்."

அவள் அன்று மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டுத் திவாகரைத் தேடிப் போனாள்.

திவாகரும் லோகுவும் ஒரே போர் வண்டியில் காலம் தள்ளியவர்கள். ராடு விழுந்த அன்று லோகுவை லாரியில் தூக்கிப் போட்டவன் அவன்தான். இப்போது அவனும் வண்டிக்குப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். தோளில் எந்நேரமும் ஒரு துண்டு. அவள் கூப்பிட்டு வீட்டுக்கு வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பெட்டிக்குக் கேட்காமல் பேச வேண்டுமென்று பவித்ரா லோகுவைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திவாகரையும் அங்கே கூப்பிட்டாள்.

"லோகு அடிபட்ட வருசத்து ஆடியோட வண்டிய உட்டு எறங்கறதா இருந்தான்னு சொல்லோணும்" என்றாள். "அவ்வளவுதானுங்ண்ணா."

"எறங்கி?"

"கறிக்கடை வெக்கறதா இருந்தேன்னு சொல்லு" என்றான் லோகு.

"நீயா? கெடா வெட்டுக்குப் போயிட்டு ரத்தத்தப் பாத்து மயங்கி உளுந்தவன்தான நீ. பெட்டியே சிரிக்கும்டா."

"அப்ப மளிகை."

"மளிகையில மொளகாத் தூசி இருக்குது" என்று பவித்ரா தடுத்தாள். "தூசியே இல்லாத கடையாச் சொல்லுங்ண்ணா. பேன்சி ஸ்டோர்."

திவாகர் நண்பனை மேலும் கீழும் பார்த்தான். "வளையலு, ரிப்பனு. பொட்டு. ரெண்டாயிரம் அடி ஓட்டுன கை. ஏன்டா மாப்ள, ஜடமாட்டி என்ன வெலைன்னு கேட்டா சொல்லத் தெரியுமாடா உனக்கு?"

"உன்ர தலைக்கு வேண்டாம், அது மட்டும் தெரியும்" என்றான் லோகு. திவாகரின் வழுக்கை வெயிலில் மின்னியது.

திவாகர் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. துண்டை வாயில் வைத்துக் குனிந்துகொண்டான். இருமி முடித்து நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "சொல்றன்" என்றான். "அதுக்கென்ன, பேன்சி ஸ்டோருன்னே சொல்லீர்றன்."

மறுகணிப்பு அன்று யாழினி வந்தாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபி வேண்டாம் என்றாள். பவித்ரா எப்படியும் காபி வைத்தாள்.

"நீங்க கொஞ்சம் பாத்துச் செய்ங் மேடம். மெத்தை மட்டும் கெடச்சாப் போதும்."

"நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. அது கணக்குப் போடும், நான் கூட இருக்கணும், அவ்வளவுதான்." யாழினி குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்களுக்கும் இப்ப நிகராள் வெச்சிருக்காங்க. இந்த நாற்காலியில நான் இல்லாம வெறும் பெட்டி மட்டும் இருந்தா எந்த வேலை கெடும்னு ஓட்டிப் பாக்கறாங்க. இதுவரைக்கும் ஒண்ணும் கெடலையாம்."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "சாட்சி பேசலாம்."

திவாகர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மனப்பாடம் செய்த மாணவன்போல ஆரம்பித்தான். லோகு ஆடி மாதத்தோடு வண்டியை விட்டு இறங்குவதாக இருந்தான். அட்வான்ஸ் கொடுக்கக் கடைகூடப் பார்த்து வைத்திருந்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம், வடக்குப் பார்த்த கடை. 'தூசி நமக்கு ஒத்துக்காதுடா திவா' என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

நன்றாகத்தான் சொன்னான். கடைக்குப் பெயர்கூடச் சொன்னான். பவித்ரா கதவைப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்தாள். திடீரென்று திவாகரின் பேச்சு நின்றது. தொண்டையில் ஏறியதை அவன் விழுங்கப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. துண்டை எடுப்பதற்குள் வெடித்துவிட்டது. இருமலென்று சொல்ல முடியாது, கம்ப்ரசரில் காற்று அடைத்துக்கொண்டால் வருமே ஒரு சத்தம், அப்படி. அறை முழுக்க அதுதான் கேட்டது. யாழினி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவனால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"சாட்சி, பயனாளருடன் ஒரே வண்டியில் பணியாற்றியவரா?" என்று கேட்டது பெட்டி.

சாட்சியை நம்பாமல் போய்விடுமோ என்று பவித்ராவுக்குப் பதறியது. "ஒரே வண்டிங்க" என்று முந்திக்கொண்டாள். "ஒரே வண்டி, ஒரே ஷிப்டு. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. வேற யாருக்குத் தெரியும் இவரு மனசு?"

"ஒரே தூசி" என்றது பெட்டி.

கேள்வியா பதிலா என்று யாருக்கும் விளங்கவில்லை. பச்சை விளக்கு மஞ்சளாகியது. லோகு தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்தான். அவனால் தூக்க முடிந்தது அவ்வளவுதான்.

"எண்ணம் ஏற்கப்பட்டது" என்றது பெட்டி. "நிகராள் வண்டியிலிருந்து இறங்குகிறார். பேன்சி ஸ்டோர் தொடங்குகிறார்."

பவித்ரா கையைக் கூப்பினாள். திவாகர் துண்டுக்கு மேலே கண்ணைச் சிமிட்டினான்.

"இறங்குவதற்கு முன் உள்ளே சென்ற தூசி திருத்தப்படவில்லை. அதன் விளைவு பற்றி இதுவரை பொதுக் கணிப்பு மட்டுமே இருந்தது. இப்போது உடன் பணியாற்றியவரின் மூச்சொலி நேரடிச் சான்றாகக் கிடைத்துள்ளது. பணிப்பதிவின்படி சாட்சி தூசியிலிருந்து தள்ளி நின்றவர்; அவருக்கே இந்த நிலை. பயனாளர், தம் வாக்குமூலப்படி, அதை முகர்ந்து பார்த்தவர்." ஒரு கணம் நிறுத்தியது. "புதிய கணிப்பின்படி நிகராள் சென்ற வைகாசியில் காலமானார்."

பவித்ராவின் கை தன்னால் தாலிக்குப் போனது. எதிரே கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்துகொண்டு உயிரோடுதான் கிடந்தான்.

"அப்படின்னா?" என்றான் லோகு.

யாழினி பெட்டியைப் பார்க்காமல் காபித் தம்ளரைப் பார்த்துப் பேசினாள். "இடைவெளி இல்லைங்க. அவரு இல்லை, நீங்க இருக்கறீங்க. விபத்தால உங்களுக்கு நட்டமில்லைன்னு கணக்கு வருது."

"முதுகு ஒடிஞ்சது எனக்கு லாபம்ங்கறீங்க."

"நான் சொல்லலீங்க."

"குழாயி? பையி? வாரம் ரெண்டு நாளு வர்ற நர்சம்மா?" பவித்ரா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் யாழினி இல்லையென்று தலையாட்டினாள். எல்லாம் இன்றோடு சரி. "மேல்முறையீடு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நிகராளோட நிலைமையில மாற்றம் வந்தா மறுபடியும் கேக்கலாம்."

"செத்தவனுக்கு என்னங்க மாற்றம் வரும்?"

யாழினி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள், தனக்கும் ஒரு பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

திவாகர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். துண்டை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வைகாசின்னுதான சொல்லுச்சு?" என்றான் மெதுவாக. "நானும் இவனும் ஒரே தூசின்னா, அப்ப எனக்கு?" பெட்டி பக்கம் திரும்பினான். "ஏனுங், எனக்கு எப்பங்?"

"நீங்கள் துணைநிதிப் பயனாளர் அல்ல" என்றது பெட்டி.

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

லோகுவுக்குச் சிரிப்பு வந்தது. "உள்ளதச் சொன்னேன், அதுல நோவு வந்துச்சு. பொய்யச் சொன்னோம், அதுல உசுரே போச்சு. வளையல் கடையில உக்காந்துக்கிட்டுச் செத்திருக்கறான்டா. கேவலமா இல்ல?" பிறகு பெட்டியைப் பார்த்துச் சும்மா ஒரு வாய் கேட்டான். "செருப்பு?"

பச்சை விளக்கு எரிந்தது. "நிகராளுக்குச் செருப்பு தேவைப்படவில்லை. உங்களுக்கு மட்டுமே தேவைப்படுகிறது. அனுமதி உண்டு." பின் சேர்த்துக்கொண்டது. "நிதியில் இருப்பு இல்லை."

பவித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு நேரே போய் நின்றாள்.

"அரிசி?"

"நிகராள் உண்பதில்லை. அனுமதி உண்டு. இருப்பு இல்லை."

"கரண்டு பில்லு?"

"அனுமதி உண்டு. இருப்பு இல்லை."

"டிவி. ஃபேன். தீபாவளிக்கு வேட்டி. பழனிக்குப் போறதுக்குக் காரு." அவள் நிறுத்தவே இல்லை. இத்தனை வருடம் மறுத்ததையெல்லாம், கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம், தனக்கு வேண்டாததையும் கேட்டாள். பெட்டி எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. கடைசியில் குரல் இறங்கியது. "புரட்டுமெத்தை?"

"நிகராள் புரள்வதில்லை. அனுமதி உண்டு. இருப்பு இல்லை."

அவள் திரும்பிப் பார்த்தாள். லோகு காலையிலிருந்து ஒரே பக்கமாகக் கிடந்தான். சாட்சி, கணிப்பு என்ற பதற்றத்தில் புரட்ட மறந்தாயிற்று. துணியை விலக்கினாள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு அகன்றிருந்தது.

கட்டுப் போட்ட மணிக்கட்டை அவன் இடுப்புக்கடியில் கொடுத்தாள். தூக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"தள்ளு தங்கச்சி, நான் புடிக்கறன்." திவாகர் எழுந்து வந்து தோள்பட்டையைப் பிடித்தான். ராடு ஏற்றும்போது குரல் கொடுப்பதுபோல, "ஏத்து" என்றான். லோகு பதிலுக்கு, பழக்கதோஷத்தில், "ஏத்து" என்றான். பாதி திரும்பியதும் திவாகருக்கு மூச்சு முட்டியது. பிடியை விடவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. நெடிய உடம்பு அவர்கள் இருவர் கையிலும் அந்தரத்தில் நின்றது.

"குடும்பத்தினர் அல்லாத ஒருவர் உதவுகிறார்" என்றது பெட்டி, யாரும் கேட்காமலேயே. "உதவியாளர் கூலி. அனுமதி உண்டு."